நலமா என்று கேட்டவர் யார்?

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருத்துவரின் கதையையே எழுதினர். கத்தி எடுத்தவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. கத்திக்கு உடல் கொடுத்தவர் பெயர் நிற்பதில்லை. கட்டுப் பிரிக்கப்பட்டு அவர் வீடு சென்ற பின், பத்தாண்டு இருபதாண்டு எவ்வாறு வாழ்ந்தார் என்பது இன்னும் அரிதாகவே எழுதப்படுகிறது. அந்த அரிய பகுதியைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பிறப்பில் ஆண் எனப் பதியப்பெற்றுப் பெண்ணாகவே தம்மை உணர்வோரைத் திருநங்கையர் என்றும், பெண் எனப் பதியப்பெற்று ஆணாகவே தம்மை உணர்வோரைத் திருநம்பியர் என்றும் இன்று தமிழில் வழங்குகிறோம். இவர்களுள் சிலர், எல்லோரும் அல்லர், தம் உடலைத் தம் உள்ளத்தோடு ஒத்துவரச் செய்யும் அறுவைச் சிகிச்சையை நாடுகின்றனர். தமிழ்நாடு அரசு 2008-ஆம் ஆண்டில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கவும் வழிசெய்தது. ஆகவே பொருள் நமக்கு அயலானதன்று. எனினும் நான் சொல்லவிருக்கும் கதை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. சிகிச்சை பெற்றவர் நலமாக இருக்கிறாரா என்ற கேள்வியும், அக்கேள்வியைச் சுற்றி எழுந்த பூசலும் ஏடுகளில் மிகுதியாகப் பதிந்து கிடப்பது அங்கேதான்.

பெர்லின் நகரிலிருந்து தொடங்குவோம். 1919-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் மருத்துவர் அங்கே பாலியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் திறந்தார். 1931-இல் நம் நாட்டுக்கும் வந்து சென்றவர் இவர். அந்நிலையத்தில் நூலகம் இருந்தது, மருத்துவம் பார்த்தனர், பிறர் வேலை கொடுக்க மறுத்த சிலருக்கு வேலையும் கொடுத்தனர். அவ்வாறு வீட்டுப் பணியாளாக அங்கே அமர்ந்தவருள் ஒருவர் டோரா ரிக்டர். பொஹீமியாவின் மலைச் சிற்றூர் ஒன்றில் 1892-இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமை முதலே தம்மைப் பெண் என்றே உணர்ந்தவர். 1922-இல் அவருக்கு முதல் அறுவை நடந்தது. எஞ்சியவை 1931-இல் நடந்தன. அந்நிலைய மருத்துவர் ஃபெலிக்ஸ் ஆபிரகாம் இதனை அதே ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இது ஆடம்பரச் சிகிச்சையன்று, மறுத்தால் இவர்கள் தம் உடலைத் தாமே சிதைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

அக்காலத்தில் பெனிசிலின் மருத்துவர் கைக்கு வரவில்லை. அறுவை என்றால் உயிர்ப்பந்தயமே. டேனிஷ் ஓவியர் லிலி எல்பே, தம் இறுதி அறுவைக்குப் பின், 1931 செப்டம்பரில் டிரெஸ்டன் நகரில் இறந்தார். கருப்பை ஒன்றைப் பொருத்தும் முயற்சியும் அவ்வறுவையில் அடங்கும். உடல் அதனை ஏற்கவில்லை. இத்தகைய அச்சத்தின் நடுவேதான் டோரா மேசைமேல் படுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பிற்கால வாழ்வு யாது? 1933 மே 6-ஆம் நாள் நாஜிக் கட்சி மாணவர்கள் அந்நிலையத்தைச் சூறையாடினர். நான்கு நாள் கழித்து அதன் நூல்களையும் ஏடுகளையும் ஆப்பரா சதுக்கத்தில் கொளுத்தினர். அத்தீயின் புகைப்படத்தை உங்கள் வரலாற்றுப் பாடநூலிலேயே பார்த்திருக்கக்கூடும். எரிந்த ஏடுகளுள் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன என்பதை ஆசிரியர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். டோராவும் அன்றே கொல்லப்பட்டார் என்று பல்லாண்டுகள் நூல்கள் எழுதிவந்தன. அது உண்மையன்று, அவர் வேறோர் ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார். அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

போருக்குப் பின் கதை கோப்பன்ஹேகனுக்கு நகர்கிறது. அமெரிக்கப் படையில் பணிபுரிந்து விடுபட்ட இளைஞர் ஒருவர் 1950-இல் கப்பலேறி அங்கே சென்றார். 1953 பிப்ரவரியில் கிறிஸ்டின் ஜார்கென்ஸன் என்னும் பெண்ணாக நியூயார்க் திரும்பினார். 1952 டிசம்பர் முதல் நாள் ஒரு நியூயார்க் நாளிதழ் அச்செய்தியை முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வெளியிட்டது. அதன் பின் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கருக்கு உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. 465 பேர், 'எனக்கும் இச்சிகிச்சை கிடைக்குமா?' என்ற பொருள்பட எழுதினர். ஹாம்பர்கர் அக்கடிதங்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரையாக்கினார். அறுவைக்கு முன் மனிதர் என்ன விரும்புகிறார் என்பதைப் பெருந்தொகையாக எண்ணிப் பார்த்த முயற்சிகளுள் இது முற்பட்டது. அறுவைக்குப் பின் என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க அப்போது எவரும் முனையவில்லை.

ஜார்கென்ஸன் அம்மையார் தம் வாழ்வில் நிறைவு கண்டதாகவே இறுதிவரை பேசினார். ஆயினும் 1959-இல் அவர் மணம் செய்துகொள்ள விரும்பியபோது, பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருக்கிறது எனச் சொல்லி நியூயார்க் அலுவலகம் உரிமம் தர மறுத்தது. உடல் இணங்கிவிட்டது, தாள் இணங்கவில்லை. ஒருவருடைய நிறைவை அளக்கப் புகுந்தால் இந்த மறுப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? அறுவையின் கணக்கிலா, அலுவலகத்தின் கணக்கிலா? பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் பல இந்த இடத்தில்தான் இடறின என்பது என் கருத்து.

இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுவது மைக்கேல் டில்லனின் வாழ்வு. அவருடைய கதை நம் நாட்டு மண்ணில் வந்து முடிவதால் சற்று விரித்தே சொல்கிறேன். 1915-இல் ஆங்கிலப் பிரபு மரபில் பெண் என்று பதியப்பெற்றுப் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர், படகுப் போட்டியில் பெயர் பெற்றவர். 1930-களின் இறுதியில் ஆண் ஹார்மோன் மருந்து உட்கொள்ளத் தொடங்கினார். சர் ஹெரால்டு கில்லிஸ் என்னும் அறுவை மருத்துவர் 1946 முதல் 1949 வரை அவருக்குப் பதின்மூன்று முறை அறுவை செய்தார். யார் இந்தக் கில்லிஸ்? முதல் உலகப் போரில் குண்டடிபட்டு முகமிழந்த வீரர்களுக்குப் புது முகம் சமைத்துக் கொடுத்தவர். உடலின் ஒரு பகுதித் தோலைக் குழல்போல் சுருட்டி, இரத்த ஓட்டம் அறாமல் வேறோர் இடத்துக்கு நகர்த்திப் பொருத்தும் முறையைப் போர்க்காலத்தில் வளர்த்தெடுத்தவர். அந்த முறையையே டில்லனுக்கும் கையாண்டார். பிறர் அறியாதிருக்க, மருத்துவமனை ஏட்டில் நோயின் பெயரை மாற்றி எழுதிவைத்தார். போர் வீரனின் முகத்துக்காகக் கண்ட கலை, முற்றிலும் வேறொரு மனிதனின் வேதனைக்கு மருந்தாயிற்று.

அச்சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே டில்லன் டப்ளினில் மருத்துவம் பயின்றார். உள்ளத்தை உடலுக்கு ஏற்ப மாற்ற இயலாதபோது உடலை உள்ளத்துக்கு ஏற்ப மாற்றுவதே முறை என்று வாதிடும் நூல் ஒன்றையும் 1946-இல் வெளியிட்டார். பின்னர்க் கப்பல் மருத்துவராகிக் கடலோடினார். அறுவையின் நோக்கம் நிறைவேறிற்று. அமைதியாக ஆணாக வாழ்ந்தார். ஆனால் பிரபுக் குடும்பங்களின் மரபுவழியைப் பதியும் இரு நூல்களுள் ஒன்று அவரைத் தம்பி என்றும், மற்றொன்று தங்கை என்றும் குறித்திருந்த முரண்பாட்டை 1958-இல் செய்தித்தாள்கள் கண்டுபிடித்தன. நிருபர்கள் கப்பலுக்கே வந்து சூழ்ந்தனர். அவர் வேலையைத் துறந்து இந்தியா வந்தார். காலிம்போங்கிலும் சாரநாத்திலும் தங்கிப் பௌத்த சமயம் பயின்றார்; லடாக்கில் ஒரு மடத்தில் இளந்துறவியாக வாழ்ந்தார். 1962 மே திங்களில் இமயச் சாரலிலுள்ள டல்ஹௌசியில் காலமானார். தம் வரலாற்றை எழுதி முடித்திருந்தார். அது நூலாக அச்சேறியது 2016-இல்தான். அவருடைய அமைதியைக் குலைத்தது கில்லிஸின் கத்தியா, செய்தித்தாளின் பேனாவா என்று கேட்டால் விடை சொல்வது கடினமன்று.

இனி அமெரிக்கா. 1966-ஆம் ஆண்டை நினைவில் இருத்துங்கள். நியூயார்க்கில் பல்லாண்டுகளாக இத்தகையோருக்கு மருத்துவம் பார்த்துவந்த ஹாரி பெஞ்சமின் தம் பெருநூலை அவ்வாண்டில் வெளியிட்டார். அறுவை பெற்ற 51 திருநங்கையரின் பிற்கால நிலையை அதில் ஆராய்ந்து, மிகப் பெரும்பாலோர் நன்னிலையிலோ ஏற்கத்தக்க நிலையிலோ இருப்பதாக எழுதினார். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கியிருப்பதை நவம்பரில் உலகுக்கு அறிவித்தது. அதே 1966 ஏப்ரலில், பவேரியாவில் ஆலர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில், ஒரு முதிய பெண்மணி இறந்தார். அவரே டோரா ரிக்டர்! பெர்லினிலிருந்து தம் பிறந்த மண்ணுக்குச் சென்று, 1934-இல் செக்கோஸ்லோவாகிய அரசிடம் பெண்பெயரை முறைப்படி பதிந்து வாங்கி, போருக்குப் பின் ஜெர்மனியில் குடியேறி வாழ்ந்திருக்கிறார். இவ்வுண்மை வெளிப்பட்டது நம் காலத்தில், அண்மைச் சில ஆண்டுகளில்தான். இறுதி அறுவைக்குப் பின் 35 ஆண்டுகள் பெண்ணாக வாழ்ந்த ஒருவர் உயிரோடு இருந்தார். நலமா என்று கேட்க எந்த மருத்துவரும் அவரைத் தேடிச் சென்றதாகத் தெரியவில்லை. இறந்துவிட்டார் என்றே உலகம் எண்ணியிருந்தது.

ஹாப்கின்ஸ் பிரிவில் அறுவைக்குத் தேர்வு பெறுவது எளிதன்று. மருத்துவர் எதிர்பார்த்த இலக்கணத்துக்கு வாழ்வு முழுதும் பொருந்தினால்தான் இசைவு கிடைக்கும். விளைவு என்ன? பெஞ்சமினின் நூலை நோயாளிகளும் படித்தனர். எந்தக் கேள்விக்கு எந்த விடை வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தனர். தேர்வுக்கு 'நோட்ஸ்' மனப்பாடம் செய்யும் மாணவரைப் போல! பிற்காலத்தில் மருத்துவர்களே இதைக் கண்டு திகைத்தனர். நோயாளிகளைப் பொய்யர் என்று வைவது எளிது. ஆனால் ஒரே ஒரு கதவு, அதற்கு ஒரே ஒரு சாவி என்று வைத்தால் எல்லோரும் அதே சாவியைத்தானே செய்துகொண்டு வருவார்கள்?

1979-இல் அந்நிலையத்தைச் சேர்ந்த ஜான் மேயர் என்னும் மனநல மருத்துவர், டோனா ரீட்டர் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். அறுவை பெற்றோரையும் பெறாதோரையுமாக 50 பேரைப் பின்தொடர்ந்து சென்று ஒப்பிட்ட ஆய்வு அது. சமூக வாழ்வில் அறுவையால் புறநிலையான நன்மை எதுவும் புலப்படவில்லை என்பது அவர் முடிவு. சில மாதங்களில் அப்பிரிவு மூடப்பட்டது. அமெரிக்காவின் வேறு பல நிலையங்களும் அவ்வழியே சென்றன.

அந்த ஆய்வு எதை அளந்தது என்று பார்ப்போம். வேலையின் தரம் உயர்ந்ததா? காவலர் கைது செய்தனரா? மனநல மருத்துவரிடம் சென்றாரா? யாரோடு குடும்பம் நடத்துகிறார்? இவற்றுக்குக் கூட்டல் கழித்தல் மதிப்பெண் இட்டனர். கைதானால் மதிப்பெண் குறையும். ஆய்வாளர் பொருத்தமற்ற பால் என்று கருதிய ஒருவரோடு கூடி வாழ்ந்தாலும் குறையும். மனத்துயருக்கு உதவி நாடினால் அதற்கும் குறையும். திருநங்கையரைத் தெருவில் நடந்ததற்காகவே காவலர் பிடித்துச் சென்ற காலம் அது. அவ்வாறு பிடிபட்டதற்கும் அறுவைக்கும் யாது தொடர்பு? இன்னொன்று: அறுவை பெற்றவர்கள் தங்கள் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது என்று சொன்னதை அவ்வாய்வே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, ஒதுக்கி வைக்கிறது. 1980-இலேயே பிற அறிஞர்கள் இந்த மதிப்பெண் முறையைக் கண்டித்து எழுதினர். மனநலத்துறைக்கு 1975 முதல் தலைவராயிருந்த பால் மெக்ஹியூ, இச்சிகிச்சையை நிறுத்துவது தம் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது என்று பின்னர்த் தாமே எழுதினார். 1981-இல் ஓர் அமெரிக்க அரசு மதிப்பீடு இதனை இன்னும் சோதனை நிலையிலுள்ள சிகிச்சை எனக் குறித்தது. அதைச் சார்ந்து மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு செலவை ஏற்க மறுத்துவந்தது. அம்மறுப்பு நீங்கியது 2014-இல். ஹாப்கின்ஸ் தன் கதவை மீண்டும் திறந்தது 2017-இல். இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

முறையான ஒப்பீடு எப்படியிருக்கும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வைச் சொல்லலாம். அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. அறுவைக்குத் தகுதி பெற்ற 40 திருநங்கையரை இரு கூறாக்கினர். 20 பேருக்கு விரைவில் அறுவை. மற்ற 20 பேர் வழக்கம்போல் வரிசையில் காத்திருந்தனர். இரண்டாண்டு கழித்து இரு கூறினரையும் ஒப்பிட்டனர். அறுவை பெற்றோரிடம் மனக்கலக்கம் குறைந்திருந்தது. விளையாட்டு, நட்பு, பொழுதுபோக்கு முதலியவற்றில் ஈடுபாடு கூடியிருந்தது. காத்திருந்தோரிடம் அந்த மாற்றம் இல்லை. 1990-இல் மேட்-கோலும் உடனாய்வாளரும் இதனை வெளியிட்டனர். தொகை சிறிது, காலமும் குறுகியது. எனினும் ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிட்டது என்பதே இதன் சிறப்பு.

அவ்வாறு ஒப்பிடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டைப் பாருங்கள். 1973 முதல் 2003 வரை அங்கே அறுவை பெற்ற 324 பேரை ஆராய்ந்த சிசிலியா தேனே குழுவினர் 2011-இல் தம் முடிவை வெளியிட்டனர். பொதுமக்களோடு ஒப்பிடும்போது இவர்களிடையே இறப்பும் தற்கொலையும் மிகுதி என்று கண்டனர். உடனே, 'அறுவை செய்தால் சாவு மிகும்' என்று முழங்கத் தொடங்கினர் சிலர். காசநோய்க்கு மருந்துண்டவரை நோயே வராதவரோடு ஒப்பிட்டு, மருந்தால் கேடு என்று சொல்வதை ஒக்கும் இது. அறுவை பெறாத திருநங்கையர், திருநம்பியரோடு அந்த ஆய்வு ஒப்பிடவே இல்லை. அறுவை தீங்கு செய்தது என்பது தம் முடிவன்று என்று அதன் ஆசிரியர்களே கூறினர். ஆயினும் அந்த எண்கள் ஒன்றைத் திட்டமாகச் சொல்கின்றன: அறுவையோடு எல்லாத் துயரும் நீங்கிவிடுவதில்லை, பின்னரும் மனநலத் துணை வேண்டும்.

ஸ்வீடனிடம் இவ்வளவு முழுமையான கணக்கு இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பாலை மாற்றிப் பதிய உலகில் முதலில் சட்டம் இயற்றிய நாடு அதுவே, 1972-இல். ஆனால் பதிவு வேண்டுமானால் கருத்தடை செய்துகொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 2013-இல்தான் அவ்விதி ஒழிந்தது. 2018-இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் அந்நாட்டு நாடாளுமன்றம் முடிவு செய்தது. விரும்பிச் செய்துகொண்டவரும், ஒரு தாளைப் பெறுவதற்காக உடன்பட்டவரும் அந்தக் கணக்கில் கலந்தே கிடக்கின்றனர். நம் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில், பால் அடையாளத்தை ஏற்க அறுவையை நிபந்தனையாக்குதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதியின் பொருட்டு வந்த தீர்ப்பு அது. ஆராய்ச்சிக்கும் அது நன்மையே.

செய்துகொண்டதற்கு வருந்துவோர் எத்தனை பேர்? ஸ்வீடனில் 1960 முதல் 2010 வரை பால் மாற்றம் இசைவு பெற்ற 681 பேரில் 15 பேர், அதாவது நூற்றுக்கு 2.2 பேர், முன்னிருந்த பாலுக்கே திரும்ப விண்ணப்பித்தனர்; ஆண்டு செல்லச் செல்ல அவ்விகிதம் குறைந்து வந்தது. ஆம்ஸ்டர்டாம் நிலையத்துக்கு 1972 முதல் 2015 வரை வந்தோர் 6,793 பேர். இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றும் அறுவை பெற்றவர்களுள் திருநங்கையரில் நூற்றுக்கு 0.6 பேரும், திருநம்பியரில் 0.3 பேருமே வருந்தினர் என்று 2018-இல் அந்நிலையத்தார் எழுதினர். மற்ற மருத்துவ அறுவைகள் பலவற்றோடு ஒப்பிட இது மிகச் சிறிய விகிதம். ஆனால் ஒரு மாணவர் இங்கே கையை உயர்த்திக் கேட்க வேண்டும்: நிலையத்துக்குத் திரும்பி வராதவர் என்ன ஆனார்? நியாயமான கேள்வி. கணிசமானோரின் பிற்காலத் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதை அந்த ஆய்வாளரே எழுதியிருக்கின்றனர்.

வருந்திய 14 பேரையும் அவர்கள் ஒரே கட்டில் கட்டிவிடவில்லை. சிலர் தம் முடிவே பிழை என்று உணர்ந்தவர். சிலர் ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காதவராகத் தம்மைக் கண்டவர். மற்றும் சிலர் முடிவில் பிழை காணாமல், சுற்றத்தார் கைவிட்டதாலும் பிறர் ஏற்காததாலும் வருந்தியவர். இம்மூன்றாம் வகையினர் டில்லனின் உறவினர் என்று நான் கருதுகிறேன்.

உடலைப் பற்றிய குறைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பயனில்லை. திருநம்பியருக்குச் செய்யும் பெரிய அறுவைகளில் சிறுநீர்க் குழாயில் கசிவும் அடைப்பும் நேர்வது அரிதன்று. மறுபடி மறுபடி மேசை ஏற வேண்டிவரும். அவ்வளவு துன்பத்துக்குப் பின்னும் அவர்களுள் பலர் நிறைவுற்றதாகவே சொல்வதைப் புதிதாக வரும் மருத்துவ மாணவர் வியப்போடு கேட்பதுண்டு.

அண்மைக் காலத்தில் கனடா, அமெரிக்கா, நெதர்லாந்து முதலிய நாடுகளின் ஆய்வாளர் ஒன்றுகூடி 'ஜெண்டர்-கியூ' என்னும் வினாத்தொகுப்பு ஒன்றை ஆக்கியுள்ளனர். வினாக்களை எழுதத் தொடங்குமுன் அவர்கள் சிகிச்சை பெற்றோரிடமும் நாடுவோரிடமும் சென்றனர், நெடுநேரம் உரையாடினர், உங்களிடம் நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டனர். கைதானீரா, யாரோடு வாழ்கிறீர் என்று மதிப்பெண் இட்ட பழைய தாளுக்கு மாறாக, உடலைக் கண்ணாடியில் காணும்போது என்ன உணர்கிறீர், சிறுநீர் கழிப்பதில் தொல்லை உண்டா என்பன போன்ற கேள்விகள் அதில் இடம்பெற்றுள்ளன.